அப்பா பெயரில் கம்பெனி, வெளியே நிற்கும் அண்ணன்: அம்மோனியா அலாரம் தொழில் தொடங்கலாமா?

தண்டையார்பேட்டை_செல்வி

எல்லோருக்கும் வணக்கம். நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா காசிமேடு, ராயபுரம் பக்கத்து ஐஸ் ஃபேக்டரிகளுக்கு மோட்டார் பேனல் செய்து கொடுத்தவர். அவர் போன பிறகு அண்ணன் அதே வேலையை இரண்டு நண்பர்களோடு சேர்ந்து பிரைவேட் லிமிடெட் ஆக்கினார். கம்பெனிக்கு அப்பா பெயர். பணம் போட்டது அவர்கள், வேலை தெரிந்தது அண்ணனுக்கு. ஆர்டர் பெருகிய பிறகு வழக்கமான கதைதான். கணக்குக் கேட்டதில் தொடங்கிய சண்டை, பங்குதாரர் கூட்டம் போட்டு ஓட்டெடுத்து அண்ணனை டைரக்டர் பதவியிலிருந்து நீக்குவதில் போய் நின்றது. 22 சதவீத ஷேர் இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. டிவிடெண்ட் கிடையாது, பேச்சுவார்த்தையும் கிடையாது.

இப்போது அண்ணன் வீட்டு மாடியில் புதிதாக ஒன்று செய்து வைத்திருக்கிறார். ஐஸ் ஃபேக்டரி, கோல்ட் ஸ்டோரேஜில் அம்மோனியா கசிந்தால் கண்டுபிடித்து அலாரம் அடித்து, மின்விசிறியை ஓடவிட்டு, உரிமையாளருக்கு போனில் தகவல் அனுப்பும் கருவி. இதைக் கேள்விப்பட்டதும் பழைய பங்காளிகளின் வக்கீலிடமிருந்து நோட்டீஸ் வந்துவிட்டது. அப்பா பெயரை எந்த வடிவிலும் வைக்கக் கூடாதாம். பங்குதாரர் ஒப்பந்தப்படி இரண்டு வருடம் போட்டித் தொழில் செய்யக் கூடாதாம். அந்த சர்க்யூட்டே கம்பெனி சொத்தாம்.

அண்ணனுக்கு முதல் விஷயத்தில்தான் கோபம் தலைக்கேறுகிறது. "எங்க அப்பா பேரை நான் வைக்கக் கூடாதுன்னு சொல்ல இவங்க யாரு?" என்று ஒரே பிடிவாதம். யாரோ வாட்ஸப்பில், ஆன்ட்டிவைரஸ் கம்பெனி தொடங்கிய ஜான் மெக்காஃபி கதையை அனுப்பிவிட்டார்கள். "அவரே இன்டெல் மேல கேஸ் போட்டாரு, நான் போட மாட்டேனா" என்கிறார். அம்மா அவர் பக்கம். அண்ணி நகையை எடுத்துக் கொடுக்கவும் தயாராக இருக்கிறார். எனக்குத்தான் வயிற்றைக் கலக்குகிறது.

அந்த மெக்காஃபி வழக்கு உண்மையில் என்ன ஆனது? சட்டம் தெரிந்தவர்களும் தொழில் தெரிந்தவர்களும் சொல்லுங்கள்.

---

டாஸ்_காலத்து_ஆள்

செல்வி, அந்த ஃபார்வேர்டில் பாதிக் கதைதான் இருக்கும். மீதியை நான் சொல்கிறேன்.

மெக்காஃபி 1987-இல் கலிஃபோர்னியாவில் மெக்காஃபி அசோசியேட்ஸைத் தொடங்கினார். லாகூரில் இரண்டு சகோதரர்கள் எழுதிய 'பிரெய்ன்' வைரஸ் ஃப்ளாப்பி வழியாக உலகம் சுற்றிக்கொண்டிருந்த காலம் அது. மென்பொருளை யார் வேண்டுமானாலும் நகல் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு, நிறுவனங்களிடம் உரிமக் கட்டணம் வாங்கினார். 1992-இல் 'மைக்கேலாஞ்சலோ' வைரஸ் வரப்போகிறது, 50 லட்சம் கணினிகள் வரை அடிபடலாம் என்று பேசி எல்லோரையும் கிலி பிடிக்க வைத்தார். மார்ச் 6 வந்தது, போனது. அடிபட்டவை சில ஆயிரங்கள்தான். ஆனால் அதற்குள் ஆன்ட்டிவைரஸ் விற்பனை எங்கேயோ போய்விட்டது.

1994-இல் கம்பெனியை விட்டு வெளியேறி, தன் பங்குகளையும் விற்றுவிட்டார். 2010-இல் இன்டெல் அந்தக் கம்பெனியை 768 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தபோது அவருக்கு அதில் சல்லிக்காசு வரவில்லை. நடுவில் 2012-இல் பெலீஸ் நாட்டில் பக்கத்து வீட்டுக்காரர் கொலையில் போலீஸ் விசாரிக்கத் தேடியது, அவர் தப்பி ஓடியது எல்லாம் நடந்தது. அது தனி ரகளை, விட்டுவிடுவோம்.

2016 மே மாதம் எம்ஜிடி கேபிடல் என்ற சின்ன நிறுவனத்துக்குத் தலைவராக வந்தார். நமக்குத் தெரியாமல் போனின் கேமரா, மைக்கை எந்த ஆப் பயன்படுத்துகிறது என்று காட்டும் ஒரு மென்பொருளை வாங்குவது, கம்பெனி பெயரை 'ஜான் மெக்காஃபி குளோபல் டெக்னாலஜீஸ்' என்று மாற்றுவது, இதுதான் திட்டம். இன்டெல் உடனே எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அவரும் எம்ஜிடியும் முந்திக்கொண்டு, எங்களுக்கு உரிமை உண்டு என்று அறிவியுங்கள் எனக் கேட்டு அந்தச் செப்டம்பரில் நியூயார்க் நீதிமன்றத்துக்குப் போனார்கள். கம்பெனியின் சொத்தை எழுதிக்கொடுத்தேனே தவிர, என் சொந்தப் பெயரை யாருக்கும் எழுதிக்கொடுக்கவில்லை என்பது அவர் வாதம்.

---

பெரம்பூர்_பாலு

நல்ல பாயின்ட்தானே சார். ஜெயித்தாரா?

---

டாஸ்_காலத்து_ஆள்

தீர்ப்பு வரைக்கும் போகவே இல்லை பாலு. 2017 நடுவில் சமரசம். கணினிப் பாதுகாப்புப் பொருள்களுக்குத் தன் பெயரைப் பிராண்டாக வைக்க மாட்டேன் என்று அவர் ஒத்துக்கொண்டார். விளம்பரத்திலும் மேடையிலும் 'நான்தான் ஜான் மெக்காஃபி' என்று சொல்லிக்கொள்ள உரிமை உண்டு. அவ்வளவுதான் கிடைத்தது. அந்த வருடமே இன்டெல் அந்தக் கம்பெனியின் பெரும்பங்கை விற்றுப் பிரித்துவிட, அது மறுபடி மெக்காஃபி என்ற பெயரிலேயே தனியாக நின்றது. பெயர் கம்பெனியிடம், ஆள் வெளியே.

செல்வி அண்ணனிடம் சொல்ல வேண்டியது இதற்கு அடுத்து வருவது. வழக்கு நடந்த அதே மாதங்களில் எம்ஜிடியின் அசல் தொழில் கவிழ்ந்தது. வாங்குவதாக இருந்த மென்பொருள் கம்பெனி ஒப்பந்தம் முறிந்தது, அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்காணையம் தாக்கீது அனுப்பியது, நியூயார்க் சந்தை அவர்கள் பங்கைப் பட்டியலிலிருந்து எடுத்தது. கடைசியில் எம்ஜிடி பிட்காயின் தோண்டப் போய்விட்டது. இந்தச் சரிவுக்குப் பெயர் வழக்குதான் காரணம் என்று நான் சொல்லவில்லை, வேறு ஓட்டைகள் ஏகப்பட்டது இருந்தன. ஆனால் பெயரைப் பற்றிய சண்டை செய்தியில் ஓடிய அளவுக்கு அந்தப் பொருளைப் பற்றி யாரும் பேசவில்லை. மெக்காஃபி 2021 ஜூன் 23-இல் பார்சிலோனா அருகே ஒரு சிறையில் இறந்துபோனார். உள்ளே போனது வரி வழக்கில்.

---

பாரிமுனை_வக்கீல்

செல்விம்மா, காகிதத்தைப் பார்க்காமல் உறுதியாக எதுவும் சொல்லக் கூடாது. பொதுவாகச் சொல்கிறேன்.

டைரக்டர் பதவி நீக்கம். கம்பெனிச் சட்டம் 2013, பிரிவு 169. சாதாரண பெரும்பான்மை போதும். ஆனால் சிறப்பு அறிவிப்பு கொடுத்திருக்க வேண்டும், அவர் தரப்பைச் சொல்ல வாய்ப்பும் கொடுத்திருக்க வேண்டும். அந்த நோட்டீஸ், மினிட்ஸ் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். சிறுபான்மைப் பங்குதாரரை நசுக்குகிறார்கள் என்று பிரிவு 241-இல் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். பத்தில் ஒரு பங்கு ஷேர் இருந்தால் போதும், அண்ணனிடம் 22 இருக்கிறது. தீர்ப்பாயம் ராஜாஜி சாலையில், உங்களுக்குப் பக்கம்தான்.

ஆனால் பதவியை விட்டு எடுத்தது மட்டும் நசுக்கல் ஆகாது. டாடா வழக்கு நினைவிருக்கும். டாடா சன்ஸ் தலைவராக இருந்த சைரஸ் மிஸ்திரியை 2016 அக்டோபரில் நீக்கினார்கள். 2018-இல் தீர்ப்பாயத்தில் தோல்வி, 2019 டிசம்பரில் மேல்முறையீட்டில் வெற்றி, 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தில் மறுபடி தோல்வி. 18 சதவீதத்துக்கு மேல் வைத்திருந்த குடும்பம், நாட்டின் பெரிய வக்கீல்கள் எல்லோரும் இருந்தும் அந்த முடிவு. அண்ணன் வழக்கில் உருப்படியாக நிற்கக்கூடியது பதவி அல்ல, லாபத்தை மறைத்தார்களா, பங்குக்கு நியாயமான விலை தர மறுக்கிறார்களா என்பதுதான். அவர் பங்கை மற்றவர்கள் வாங்கிக்கொள்ளும்படி உத்தரவிடத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு.

அப்புறம் அந்த இரண்டு வருடத் தடை. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 27. ஒருவரைத் தொழில் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது. வேலையில் இருக்கும்வரை கட்டுப்படுத்தலாம், வெளியே வந்த பிறகு பெரும்பாலும் நிற்காது. இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அதில்தான் ஆட்கள் மாட்டுவார்கள். தொழிலின் நற்பெயரைச் சேர்த்து விற்பவர், வாங்கியவர் தொழில் செய்யும் வட்டாரத்துக்குள் அதே தொழிலைச் செய்ய மாட்டேன் என்று எழுதிக்கொடுத்தால், நியாயமான அளவுக்கு அது செல்லும். ஆகவே நாளைக்கே சமரசம் என்று கூப்பிட்டு 22 சதவீதத்துக்குக் காசு கொடுத்து ஒரு காகிதத்தை நீட்டினால், அதில் நற்பெயர், போட்டி என்ற வார்த்தைகள் எங்கே இருக்கின்றன என்று பார்க்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். இன்று செல்லாத தடையை அந்தக் கையெழுத்தே செல்லுபடியாக்கிவிடும்.

பெயரைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன், கோர்ட்டுக்கு நேரமாகிவிட்டது.

---

ஐஸ்பார்_மணி

சட்டம் எனக்குத் தெரியாது. கம்ப்ரசர் ரூமில்தான் என் வாழ்க்கை போகிறது, அதனால் கருவியைப் பற்றிப் பேசுகிறேன்.

செல்வி தங்கச்சி, எங்களிடம் கசிவு கண்டுபிடிக்க இருப்பது மூக்கும் கந்தகத் திரியும்தான். திரியைக் கொளுத்தி ஃப்ளேஞ்ச் (பைப் இணைப்பு), வால்வு பக்கம் கொண்டுபோனால், கசியும் இடத்தில் வெள்ளைப் புகை கிளம்பும். அறை முழுக்கப் பரவிவிட்டால் அதுவும் உதவாது. மூக்கை நம்பவும் முடியாது. தினமும் இதிலேயே கிடப்பவனுக்கு வாசனை பழகிவிடும். புதிதாக உள்ளே வருபவன் கண்ணைக் கசக்குவான், நாங்கள் "என்னப்பா ஆச்சு" என்று கேட்போம்.

இதற்கு முன்னாலும் அலாரம் விற்க வந்திருக்கிறார்கள். மலிவான சென்சார் ஒன்று மாட்டினார்கள். ஈரம் ஏறினால் அடிக்கும், வெளியே வெல்டிங் புகை வந்தால் அடிக்கும், ஒருநாள் ஒருவன் பெயின்ட் தின்னர் டப்பாவைத் திறந்ததற்கு அடித்தது. கொஞ்ச நாளில் ஒயரைப் பிடுங்கிவிட்டார்கள். அதற்குமேல் உண்மையிலேயே கசிந்தாலும் அது எப்படி அடிக்கும்?

இன்னொன்று. எண்ணெய் வடிக்கிற நேரத்தில்தான் ஆபத்து அதிகம். கம்ப்ரசர் எண்ணெய் அம்மோனியாவோடு போய் அடியில் தேங்கும், அதை வால்வு திறந்து வெளியே எடுக்க வேண்டும். எண்ணெய் முடிந்து அம்மோனியா வர ஆரம்பித்ததும் மூட வேண்டும். வால்வு சிக்கிக்கொண்டால் முடிந்தது கதை. அந்த நேரத்தில் அலாரம் கத்துவதைவிட, அந்த வால்வு தானாக மூடிக்கொள்வது பெரிய உதவி. ஸ்பிரிங் வைத்த வால்வு வருகிறது, கையை விட்டால் மூடிக்கொள்ளும். அண்ணன் முதலில் அதை எல்லா இடத்திலும் மாட்டச் சொல்லட்டும், பிறகு தன் பெட்டியை விற்கட்டும்.

எங்கள் முதலாளி பெட்டியில் யார் பெயர் ஒட்டியிருக்கிறது என்று பார்த்து வாங்குகிறவர் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிட்டால் யார் வருவார்கள் என்றுதான் கேட்பார். உங்கள் அப்பா வருவார்.

---

மணலி_இன்ஸ்ட்ருமென்ட்

மணி அண்ணே சொன்ன மலிவு சென்சார் உலோக ஆக்சைடு வகை. சூடாக்கிய ஒரு பரப்பில் வாயு பட்டால் மின்தடை மாறும். அம்மோனியாவா சாராயமா புகையா என்று அதற்குச் சரியாகப் பிரித்துத் தெரியாது. பள்ளிக்கூட ப்ராஜெக்டுக்கு ஓகே. இந்த வேலைக்கு எலெக்ட்ரோகெமிக்கல் செல் வேண்டும். அதிலும் ஒரு சிக்கல். அம்மோனியா பட்டுப் பட்டே அந்தச் செல் தீர்ந்துபோகும். எப்போதும் லேசாக வாசனை அடிக்கும் ஐஸ் ஃபேக்டரியில், டேட்டாஷீட்டில் போட்ட ஆயுள் வராது. செல்லை மாற்றும் செலவையும் சேர்த்து விலை சொல்லவில்லை என்றால் இரண்டாவது வருடம் வாடிக்கையாளர் கழன்றுகொள்வார்.

எந்த அளவில் அடிக்க வேண்டும்? பத்து மணி நேரம் வரையிலான வேலைக்கு 25 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் 25 பங்கு) என்பது அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. உடனடியாக உயிருக்கு ஆபத்து என்று அவர்கள் வைத்திருக்கும் அளவு 300. முதல் எச்சரிக்கை 25-இல், விசிறி ஓட வேண்டியது அதற்கு மேலே, மெயின் சப்ளை துண்டிப்பு இன்னும் மேலே என்று படிப்படியாக வையுங்கள். எடுத்த எடுப்பில் சைரன் என்றால் மணி அண்ணன் சொன்ன மாதிரி ஒயரைப் பிடுங்குவார்கள்.

சென்சாரை எங்கே மாட்டுவது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். அம்மோனியா காற்றைவிட லேசானது, மேலே மாட்டு என்று புத்தகம் சொல்லும். வாயுவாகக் கசிந்தால் அது சரி. திரவமாகப் பீய்ச்சினால் மைனஸ் 33 டிகிரியில் கொதித்து, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து குளிர்ந்த வெள்ளைப் புகையாகத் தரையோடு தவழும். மேலே இருக்கும் சென்சாருக்குத் தகவல் தெரியும்போது கீழே இருப்பவன் விழுந்திருப்பான். ரிசீவர் (திரவ அம்மோனியா தேங்கும் தொட்டி) பக்கம் முழங்கால் உயரத்தில் ஒன்று கட்டாயம் வேண்டும்.

அப்புறம் செல்வி மேடம், அம்மோனியா செம்பையும் பித்தளையையும் அரிக்கும். சர்க்யூட் போர்டு முழுக்கச் செம்புதான். கடற்காற்று உப்பு வேறு. போர்டுக்குப் பூச்சு, கேபிள் நுழையும் இடத்தை இறுக்கி மூடும் சரியான கிளாண்ட், டெர்மினலில் பித்தளை கூடாது. கசிவைக் கண்டுபிடிக்க வைத்த கருவி கசிவாலேயே செத்துப்போனதை நான் பார்த்திருக்கிறேன்.

வெடிக்கும் சூழல் என்று வகைப்படுத்திய இடத்தில் மாட்டினால் பெசோ (மத்திய அரசின் பெட்ரோலிய, வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு) அங்கீகாரம் இல்லாமல் முடியாது. அந்தச் சான்றிதழுக்கு ஆகும் காலமும் காசும் வழக்குச் செலவுக்குக் குறையாது. நகையை எதற்கு அடகு வைப்பது என்று அண்ணி முடிவு செய்யட்டும்.

---

எண்ணூர்_முகத்துவாரம்

ஃபேக்டரிக்குள் இருப்பவர்களுக்கு அலாரம், சரி. வெளியே இருப்பவர்களுக்கு?

2023 டிசம்பர் 26 நள்ளிரவுக்குச் சற்று முன் பெரியகுப்பத்தில் கடலுக்கு அடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது எங்களுக்கு எந்தச் சைரனும் அடிக்கவில்லை. மூச்சு முட்டித்தான் எழுந்தோம். எந்தத் திசையில் ஓடுவது என்று தெரியாமல் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தோம். ஐம்பது பேர் வரை ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அதே மாதம்தான் மிக்ஜாம் வெள்ளத்தோடு கழிமுகத்தில் எண்ணெய் வந்து வலையும் படகும் வீணாயின.

புதுக் கம்பெனிக்காரர்கள் எல்லோரும் ஃபேக்டரி முதலாளிக்குத்தான் விற்கிறார்கள், போனில் தகவலும் அவருக்குத்தான் போகிறது. அவர் அண்ணா நகரில் தூங்கிக்கொண்டிருப்பார். அந்தத் தகவல் பக்கத்துத் தெருவுக்கும் போகிற மாதிரி உங்கள் அண்ணன் செய்வாரா? செய்தால் எந்த முதலாளி வாங்குவார்?

---

மணலி_இன்ஸ்ட்ருமென்ட்

வாங்க மாட்டார். அதற்கு அரசு உத்தரவு வேண்டும், தனி ஆள் செய்யக்கூடிய வேலை இல்லை. ஆனால் ஒன்று செய்யலாம். சைரனைக் கட்டடத்துக்கு உள்ளே மட்டும் வைக்காமல் வெளிச்சுவரிலும் ஒன்று வைக்கலாம். மேலே காற்றுத் திசை காட்டும் துணிக்குழல் ஒன்று. காற்றுக்குக் குறுக்காக ஓட வேண்டும் என்று தெருவில் நாலு பேருக்குத் தெரிந்திருந்தாலே பாதி உயிர் தப்பும்.

---

வியாசர்பாடி_வேகம்

என்ன எல்லோரும் இப்படிப் பயப்படுகிறீர்கள்? பால்மர் லக்கியைப் பாருங்கள். தலையில் மாட்டும் வி.ஆர். கண்ணாடி செய்யும் ஆக்யுலஸ் கம்பெனியைத் தொடங்கினார், ஃபேஸ்புக் 200 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. எங்கள் தொழில்நுட்பத்தை எடுத்துக்கொண்டார்கள் என்று ஜெனிமேக்ஸ் என்ற வீடியோ கேம் கம்பெனி கேஸ் போட்டது. 2017 பிப்ரவரியில் டல்லாஸ் ஜூரி மொத்தம் 50 கோடி டாலர் கட்டச் சொன்னது, அதில் லக்கி தலையில் மட்டும் 5 கோடி. அடுத்த மாதம் ஃபேஸ்புக்கை விட்டு வெளியேறினார். அந்த வருடமே 'ஆண்டுரில்' என்ற ராணுவத் தொழில்நுட்பக் கம்பெனியைத் தொடங்கி எல்லைக் கண்காணிப்புக் கோபுரம் செய்து இன்றைக்கு எங்கேயோ இருக்கிறார். கேஸ் பாட்டுக்குக் கேஸ், தொழில் பாட்டுக்குத் தொழில். அண்ணன் இறங்கி அடிக்கட்டும்!

---

டாஸ்_காலத்து_ஆள்

வேகம் தம்பி, நல்ல உதாரணம்தான், ஆனால் நீங்கள் நினைக்கும் பக்கத்துக்கு அது சாட்சி சொல்லவில்லை. அவருக்குப் பின்னால் ஃபேஸ்புக்கின் வக்கீல் படை நின்றது. 2018-இல் நீதிபதி தொகையைப் பாதியாகக் குறைத்தபோது அவர் மேல் விழுந்த 5 கோடியும் போய்விட்டது, வருடக் கடைசியில் சமரசம். ஆண்டுரிலில் அவர் ஆக்யுலஸ் பெயரையும் வைக்கவில்லை, தலையில் மாட்டும் கண்ணாடியையும் அப்போது தொடவில்லை. வேறு பொருள், வேறு வாடிக்கையாளர். பல வருடம் கழித்து, 2025-இல் அதே ஃபேஸ்புக்கோடு (இப்போது பெயர் மெட்டா) கைகோத்து ராணுவத்துக்குத் தலைக்கருவி செய்வதாக அறிவித்தார். இறங்கி அடித்தவர் மெக்காஃபி. லக்கி நகர்ந்து போனவர்.

---

தண்டையார்பேட்டை_செல்வி

எல்லோருக்கும் நன்றி. மணி அண்ணே, "உங்கள் அப்பா வருவார்" என்று நீங்கள் எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

நேற்று அண்ணனை உட்காரவைத்து ஒப்பந்தத்தை வரிவரியாகப் பார்த்தோம். வக்கீல் சார், மூன்று விஷயம். அண்ணன் எந்த ஷேரையும் விற்கவில்லை, நற்பெயரை எழுதிக்கொடுத்ததாகவும் எதுவும் இல்லை. அப்பா பெயரை டிரேட்மார்க்காகக் கம்பெனிதான் பதிவு செய்திருக்கிறது, அதற்கு அண்ணனே டைரக்டராகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார், மோட்டார் பேனலுக்கும் மின்கருவிகளுக்கும். சர்க்யூட்டின் முதல் வரைபடம் கம்பெனி லெட்டர்ஹெட்டில் இருக்கிறது. இப்போது செய்திருப்பது அதிலிருந்து நிறைய மாறிவிட்டது என்கிறார், ஆனால் வரைபடம் அவர்கள் கையில்தான்.

இதற்குப் பிறகும் பெயர் விஷயத்தில் அவர் இறங்கி வரவில்லை.

---

பாரிமுனை_வக்கீல்

பெயருக்கு வருகிறேன். டிரேட்மார்க் சட்டம் 1999, பிரிவு 35. ஒருவர் தன் சொந்தப் பெயரையோ, தனக்கு முன் அந்தத் தொழிலை நடத்தியவர் பெயரையோ நேர்மையாகப் பயன்படுத்துவதைப் பதிவு பெற்றவர் தடுக்க முடியாது. ராக்யான் என்ற நகைக்கடைக் குடும்ப வழக்கில் 2014-இல் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவை வைத்துத்தான் இடைக்காலத் தடையை நீக்கியது. ஆகவே அண்ணன் சொல்வதில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். அப்பா தனியாகத் தொழில் நடத்திய காலத்துப் பில் புத்தகம் இருந்தால் அது நல்ல ஆதாரம்.

ஆனால் பதிவுக்குக் கையெழுத்துப் போட்டவரே அவர். அதே மின்கருவி வகையில், அதே வாடிக்கையாளர்களிடம், புதிதாக ஒரு கம்பெனி தொடங்கி அந்தப் பெயரை வைத்தால் 'நேர்மையாக' என்ற சொல்லை எதிர்த்தரப்பு விடாமல் பிடிக்கும். தனி மனிதர் தன் பெயரைச் சொல்வது வேறு, புதுக் கம்பெனி பெயரைத் தேர்ந்தெடுப்பது வேறு. முதல் வாரமே தடை உத்தரவு கேட்பார்கள். கிடைத்துவிட்டால் போர்டு, பில், பெட்டி எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். மெக்காஃபிக்குக் கடைசியில் கிடைத்ததை உங்கள் அண்ணன் வழக்கில்லாமலே எடுத்துக்கொள்ளலாம். புதுப் பெயரில் கம்பெனி. விசிட்டிங் கார்டில் இன்னாரின் மகன் என்று போடுவதை எவனாலும் தடுக்க முடியாது. தனி நபருக்கும் ஸ்டார்ட்அப்புக்கும் டிரேட்மார்க் ஆன்லைன் கட்டணம் ஒரு வகைக்கு 4,500 ரூபாய்தான்.

எனக்கு அதிகக் கவலை சர்க்யூட்டில்தான். வேலையின் பகுதியாக வரைந்த படம் பதிப்புரிமைச் சட்டப்படி பெரும்பாலும் கம்பெனிக்குப் போகும். காப்புரிமை அப்படித் தானாகப் போகாது, கண்டுபிடித்தவர் எழுதிக்கொடுத்தால்தான். எனவே அந்தப் பழைய வரைபடத்தையும், கம்பெனி லேப்டாப்பில் இருந்த எதையும் தொடாமல், போர்டைப் புதிதாக வரையச் சொல்லுங்கள். முடிந்தால் அந்தக் கம்பெனியில் வேலை பார்க்காத ஒருவரை வைத்து. தேதி போட்ட நோட்டுப் புத்தகம், வாங்கிய பொருள்களின் பில், சோதனைப் பதிவு எல்லாம் இருக்கட்டும். மணலிக்காரர் சொன்ன மாற்றங்களைச் செய்தாலே பழைய சர்க்யூட்டில் பாதி காணாமல் போய்விடும் போலிருக்கிறது.

22 சதவீதத்தை விட வேண்டாம். நோட்டீஸுக்குப் பதில் அனுப்பி, அதிலேயே பங்கு மதிப்பீடு கேளுங்கள். சமரச மையத்தில் உட்கார்ந்தால் அவர்களுக்கும் பேச விஷயம் இருக்கும். 22 சதவீதம் வெளியில் இருக்கும்வரை அவர்களுக்கும் நிம்மதி இல்லை.

---

பெரம்பூர்_பாலு

வக்கீல் சார் ஃபீஸ் வாங்காமல் இவ்வளவு சொல்லிவிட்டார், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் மேடம் :)

---

வியாசர்பாடி_வேகம்

எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. கூட இருந்தே அப்பா பெயரைப் பிடுங்கிக்கொண்டவனுக்கு ஒன்றுமே ஆகாதா?

---

ஐஸ்பார்_மணி

தம்பி, அந்தக் கம்பெனி பேனல் ரிப்பேருக்கு இப்போது யார் வருகிறார்கள் தெரியுமா? யாரும் வருவதில்லை. போனை எடுப்பதே இல்லை. போன வாரம்கூட எங்கள் எலெக்ட்ரீஷியன் செல்வி அண்ணனைத்தான் கூப்பிட்டார்.

---

தண்டையார்பேட்டை_செல்வி

அது எனக்கே தெரியாது மணி அண்ணே. அண்ணன் வந்தாரா?

---

ஐஸ்பார்_மணி

வந்தார், காசு வாங்கவில்லை. அடுத்த தடவை வாங்கச் சொல்லுங்கள், அதுவும் புதுக் கம்பெனி பில்லில்.

கருவியை எங்களிடம் மாட்டிப் பார்க்கலாமா என்று கேட்டார். முதலாளியிடம் பேசினேன். ஏப்ரல் 15-இலிருந்து 61 நாள் தடைக்காலம், படகு போகாது, ஐஸுக்கு ஆள் இருக்காது. அப்போதுதான் கம்ப்ரசரைப் பிரிப்போம், பைப்புக்குப் பெயின்ட் அடிப்போம். கேபிள் இழுக்க அதுதான் நேரம். ஆனால் மெஷின் நிற்கும்போது கருவி சும்மா இருந்தது என்று சொல்லி நல்ல பேர் வாங்கப் பார்க்கக் கூடாது. ஜூன் பாதியில் ஓட்டத் தொடங்கி, எண்ணெய் வடிக்கிற அன்றைக்கு என்ன செய்கிறது என்று பார்த்துத்தான் எழுதிக்கொடுப்பேன்.

---

மணலி_இன்ஸ்ட்ருமென்ட்

அந்தப் பெயின்ட் நேரத்திலேயே ஒரு சென்சாரை மாட்டிவிடுங்கள் மணி அண்ணே. தின்னருக்கு அடிக்கிறதா இல்லையா என்பது அப்போதே தெரிந்துவிடும். சரிபார்க்கும் வாயு சிலிண்டர் செலவு யாருடையது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள், அது சின்னத் தொகை இல்லை.

---

தண்டையார்பேட்டை_செல்வி

சிலிண்டர் எங்கள் செலவு. அண்ணி நகை அதற்குத்தான் என்று வீட்டில் முடிவாகிவிட்டது, வழக்குக்கு இல்லை. கம்பெனிக்குப் பெயர் இன்னும் கிடைக்கவில்லை. அண்ணன் ஒன்று சொல்கிறார், அம்மா ஒன்று சொல்கிறார், இரண்டும் எனக்குப் பிடிக்கவில்லை. வக்கீல் சார், டிரேட்மார்க் தேடிப் பார்க்க உங்கள் அலுவலகத்துக்கு எப்போது வரலாம்?